காரிடார் வைத்தியமும் அம்மாவின் தலைசுற்றலும்

புதிதாகச் சீருடை போட்டிருக்கும் தாதிப் பிள்ளைகளுக்கு,

நான் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டி, மாலை போட்டு, "உங்க அனுபவத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர்" என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். பொறுமை, அன்பு, சேவை என்று எல்லாரும் சொல்வதையே நானும் சொல்லிவிட்டு இறங்கினேன். பலமாகக் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் கால் கடுக்க நின்றவளுக்குச் சொல்ல இவ்வளவுதானா இருந்தது? அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். பெற்ற தாய்க்குப் பதினோரு மாதம் நான் செய்த தப்பு இது. உங்களில் பாதிப் பேர் உங்கள் வீட்டில் இதையே செய்துகொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியாதா என்ன?

முதலில் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். பிறகு என்னைத் திட்டுவதற்கு உங்களுக்கு வசதியாக இருக்கும்.

ஒரு நாள் காலை, ரொட்டி சானாய் என்கிற நம்ம ஊர்ப் பரோட்டா போடும் மாஸ்டர் ஒருவர் வரிசையில் வந்து நின்றார். "தலை சுத்துது மிஸ்ஸி, ஒரு மாத்திரை குடுத்தா வேலைக்குப் போயிடுவேன்" என்றார். சொல்லும்போதே வார்த்தை லேசாகக் குழறியது. பேனாவைக் கொடுத்து ஒரு கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனா விரலில் நிற்கவில்லை. யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து நானே அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினேன். "உங்களை யாரு இங்க கொண்டு வரச் சொன்னது?" என்று அங்கே ஒரு டாக்டர் சத்தம் போட்டார். "அவர் கை சொல்லுச்சு" என்றேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. அவர் பிழைத்து, சில மாதத்தில் மறுபடி மாவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

தலை சுற்றுகிறது என்று யார் வந்தாலும் நான் கேட்கும் கேள்விகள் உண்டு. எப்போது சுற்றுகிறது? படுக்கும்போதா, எழும்போதா? எத்தனை செகண்ட்? காதில் இரைச்சல் உண்டா? பார்வை இரண்டாகத் தெரிகிறதா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? இவற்றைக் கேட்காமல் ஒருவரையும் நான் தாண்டிப் போக விட்டதில்லை. இந்த விஷயத்தில் சிஸ்டர் கெட்டிக்காரி என்று டாக்டர்களே சொல்வார்கள்.

அதே மாதம் என் அம்மாவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்த புதிதில் வேலைக்குச் சேர்ந்த பெண்களில் அவரும் ஒருவர். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை ஒரு தட்டிலும் போடுவதுதான் வேலை. இருபத்தாறு வருடம் அதைச் செய்தார். அப்பா போன பிறகு சுங்கை பினாங்கில் ஆறாவது மாடி வாடகை பிளாட்டில் தனியாக இருந்தார். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. தனியாக இருப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கதவைத் திறந்தால் ஊரே இருக்கிறது, மூடினால் நிம்மதி இருக்கிறது என்பார்.

ஒரு காலையில், துணி காயப்போட மூங்கில் கழியை நிமிர்ந்து பார்த்தபோது சுவரும் கூரையும் சேர்ந்து சுழன்றதாம். ஜன்னல் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். போன் செய்து, "பாப்பா, வீடு ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி பழைய இடத்துல வந்து நிக்குதுலா" என்றார். நான் சிரித்தேன். "சாப்பிடாம இருந்திருப்பீங்க" என்றேன்.

அடுத்த வாரம் மறுபடி வந்தது. அப்போதுதான் நம்மைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தக் காரியத்தைச் செய்தேன். ஊரில் மற்றவர்கள் என்றால் பதிவு செய்து, நம்பர் எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டர் முன்னால் போய்ப் படுக்க வேண்டும். நான் சிஸ்டர் ஆயிற்றே! காரிடாரில் போய்க்கொண்டிருந்த ஒரு டாக்டரை நிறுத்தி, "டாக்டர், அம்மாவுக்குத் தலை சுத்துது" என்றேன். நடந்துகொண்டே ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னார். அதை வாங்கிச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா பயந்து போயிருந்த ஒரு நாளில் ரத்த அழுத்தம் அளந்தேன், அதிகமாக இருந்தது. வேறொரு டாக்டரை லிப்ட் வாசலில் பிடித்தேன், இன்னொரு மாத்திரை வந்தது. தூக்கம் வரவில்லை என்றார் அம்மா. கேன்டீனில் ஒருவரைக் கேட்டேன், மூன்றாவதும் வந்து சேர்ந்தது. ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. அம்மாவின் பெயரில் ஒரு நோயாளி கார்டுகூட அந்தக் கட்டடத்தில் இல்லை. இதை நான் வசதி என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், பெருமை என்றே நினைத்தேன்.

மாத்திரைக்குச் சுற்றல் அடங்கவில்லை என்றதும் சொந்தக்காரர்கள் புகுந்தார்கள். அம்மா மல்லியும் இஞ்சியும் காய்ச்சிக் குடித்தார். கோவிலில் எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டார்கள். சீன மருந்துக் கடையில் ஊசி குத்திக்கொண்டு வந்து, "ஊசி வலியில தலைசுத்தல் மறந்து போச்சு" என்றார். பட்டர்வொர்த்தில் ஒருவர் காந்த வளையல் விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஃபெரி ஏறிப் போனோம். அன்று கடல் கொஞ்சம் கொந்தளிப்பு. பயணிகள் எல்லாரும் தூணையும் கம்பியையும் பிடித்துத் தள்ளாடினார்கள். அம்மா அவர்களைச் சுற்றிப் பார்த்து, "இப்பத்தான் எல்லாரும் என்னை மாதிரி ஆனாங்க" என்று சொல்லிச் சிரித்தார். காந்த வளையல் வாங்காமலே திரும்பினோம். வளையல்காரரின் கையே நடுங்குகிறது என்று அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

ஆனால் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. எட்டாவது மாதத்தில் அம்மாவின் நடை மாறியது. காலைத் தரையில் இழுத்து இழுத்து நடந்தார். நாற்காலியை விட்டு எழுந்தால் கண் இருட்டியது. பத்தாவது மாதம் லிப்ட் வாசலில் விழுந்து நெற்றியில் முட்டை அளவுக்கு வீங்கியது. நான் என்ன செய்தேன்? தலைசுற்றல் மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினேன்.

என் தம்பி ஜூருவில் கார் விற்கும் இடத்தில் வேலை செய்கிறான். நல்லவன், அம்மா மேல் உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனான்.

"அக்கா, எங்க ஜூரு பக்கம் நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு இருக்கு. நானே போய்ப் பார்த்தேன், சுத்தமா இருக்கு. ஒரு இடம் காலியாயிருக்காம். அடுத்த சனிக்கிழமைக்குள்ள சொல்லணும். இந்த பிளாட்டைக் குடுத்துடலாம்."

"அம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டா ஒத்துக்குவாங்களா? நீ நர்ஸ், நீ சொன்னா கேப்பாங்க."

நான் மறுப்புச் சொல்லவில்லை. எனக்கும் அலுத்துப்போயிருந்தது. வேலை முடிந்து தினமும் ஆறாவது மாடிக்கு ஓடுவது, போன் அடித்தால் போட்டது போட்டபடி எடுப்பது, இதெல்லாம் நின்றால் போதும் என்று ஒரு மூலையில் ஆசையும் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்தச் சனிக்கிழமைக்குள் கடைசியாக ஒரு பெரிய டாக்டரைப் பார்த்துவிடுவோம், அவரும் கைவிரித்தால் தம்பி சொன்னபடி செய்வோம் என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை அம்மாவை ஊழியர்கள் வரும் பின்வாசல் வழியாக அழைத்துப் போய், காரிடார் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்தேன். பெரிய டாக்டர் வந்தார். சீனர், எனக்கு இருபது வருடப் பழக்கம். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்து, மலாயில், "துவா லா சிஸ்டர்" என்றார். வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று அர்த்தம். மாத்திரையைக் கூட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அம்மா கம்பியை விடாமல் நிமிர்ந்தார். தொழிற்சாலை மலாயில் அவரிடம் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்.

"டாக்டர், நான் இருபத்தாறு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவ. கெட்டுப்போன சாமானை ரிஜெக்ட் பண்ணணும்னா எங்க உடைஞ்சிருக்குன்னு சீட்டுல எழுதணும். பழசுன்னு எழுதினா சூப்பர்வைசர் சீட்டைக் கிழிச்சு மூஞ்சில எறிவாரு. நீங்க எனக்கு எங்க உடைஞ்சிருக்குன்னு சொல்லுங்க."

டாக்டர் சிரித்து, அம்மாவின் தோளைத் தட்டிவிட்டு, அவசரமாகப் போய்விட்டார். "பெரிய டாக்டர்கிட்ட இப்படியா பேசுறது? நாளைக்கு நான் இவர் முகத்துல எப்படி முழிப்பேன்?" என்று அம்மாவைக் கடிந்துகொண்டேன். தலை சுற்றி நிற்க முடியாமல் நிற்கும் தாயைப் பார்த்து நான் கவலைப்பட்டது என் மானத்தைப் பற்றி.

அப்போது பக்கத்து அறை வாசலில் நின்றிருந்த ஒரு பெண் டாக்டர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்ப்பெண். எங்கள் பிரிவுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. விட்டேனா? "டாக்டர், நீங்களாவது ஒரு நிமிஷம் அம்மாவைப் பாருங்களேன்" என்றேன்.

"அம்மாவுக்குக் கார்டு இருக்கா சிஸ்டர்?"

"கார்டா? நான் இங்க முப்பது வருஷமா..."

"காரிடார்ல நான் பார்க்கிறதில்லை சிஸ்டர். கார்டு போட்டு, நம்பர் எடுத்து வாங்க. எவ்வளவு நேரமானாலும் உக்காந்திருக்கேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நேற்று வந்த பிள்ளை எனக்குச் சட்டம் சொல்கிறாளா என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அம்மாதான் என் கையைப் பிடித்து, "அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லுது. வா, போய் வரிசைல நிப்போம்" என்றார்.

அன்று அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நோயாளிகளின் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. முதுகு சாய முடியாது, மின்விசிறிக் காற்று எட்டாது. கவுண்டரில் இருந்த நம் பிள்ளைகள், "சிஸ்டர், நீங்க உள்ள போங்களேன்" என்று நெளிந்தார்கள். "உங்க வேலையைப் பாருங்க" என்றேன். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு நம்பர் வந்தது.

அந்த டாக்டர் முதலில் செய்தது, அம்மாவின் கைப்பையில் இருந்த மாத்திரைகள் அத்தனையையும் மேசையில் கொட்டச் சொன்னது. ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். பிளாட்டுக்குக் கீழே உள்ள கிளினிக்கில் அம்மா வெகுநாளாக வாங்கிச் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையும், நான் லிப்ட் வாசலில் வாங்கி வந்ததும் ஒரே மருந்து, பெயர்தான் வேறு. எழுந்ததும் கண் இருட்டியது அதனால்தான். தலைசுற்றல் மாத்திரை சில நாளைக்கு மட்டும் கொடுக்க வேண்டியது. மாதக்கணக்கில் கொடுத்தால் வயதானவர்களின் உடம்பு இறுகிப்போய் நடை கெடும். அது நான் படித்த பாடம்தான், பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். என் அம்மாவின் காலை இழுத்துப் பிடித்தது முதுமை இல்லை, நான் கொடுத்த மாத்திரை.

பிறகு, தலை சுற்றுகிறது என்று வருபவர்களை நான் கேட்கும் அதே கேள்விகளை அவர் அம்மாவைக் கேட்டார். அம்மா தயங்காமல் பதில் சொன்னார். "படுக்கைல வலது பக்கம் திரும்பினா. மேலே நிமிர்ந்து பார்த்தா. அரை நிமிஷத்துக்குள்ள நின்னுடும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்." எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "இதை ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றேன். "நீ கேக்கலையே" என்றார்.

அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலது பக்கம் திருப்பி, டாக்டர் சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்தார். அம்மா வீறிட்டார். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், கண்ணைப் பாருங்க" என்றார் டாக்டர். கருவிழிகள் துடித்துச் சுழன்றன. என்னால் தாங்க முடியவில்லை, "போதும், விடுங்க!" என்று டாக்டரின் கையைப் பிடித்துவிட்டேன். முப்பது வருட அனுபவம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அம்மா அந்தச் சுழற்சியிலும் என்னைத்தான் அதட்டினார். "கையை எடு பாப்பா! அவங்க பார்த்து முடிக்கட்டும்!"

கையை எடுத்தேன். டாக்டர் அம்மாவின் தலையைப் படிப்படியாக இடது பக்கம் திருப்பி, உடம்பையும் புரட்டி, உட்காரவைத்தார். காதுக்குள் ஓரிடத்தில் இருக்க வேண்டிய நுண்ணிய துகள்கள் இடம் மாறி உருளுவதால் வரும் சுற்றல் இது, இப்படித் திருப்பித்தான் அவற்றை இருந்த இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். மீண்டும் வரலாம், வந்தால் மீண்டும் செய்யலாம். இரண்டு ரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்றை அன்றே நிறுத்தச் சொன்னார், தலைசுற்றல் மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஆறு வாரம் வேண்டும் என்றும் சொன்னார்.

"அப்ப இதுதான் உடைஞ்ச இடம்" என்றார் அம்மா. அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி.

சனிக்கிழமை தம்பி வந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"ஆறு வாரம் எப்படி அக்கா காத்திருப்பாங்க? இன்னைக்குச் சொல்லலைன்னா அந்த இடம் போயிடும். மறுபடி விழுந்தா யாரு பொறுப்பு?"

"நான்தான். எழுதி வேணும்னாலும் தர்றேன். மாத்திரையால விழுந்தவங்களை வயசால விழுந்தாங்கன்னு சொல்லி வீட்டை விட்டுத் தூக்கிட்டுப் போக நான் விடமாட்டேன்."

"போன வாரம் நீயும் சும்மாதானே இருந்தே?"

"ஆமா, இருந்தேன். அது தப்பு. போன வாரம் நான் தப்பு பண்ணதுக்காக இந்த வாரமும் பண்ணணுமா?"

அம்மா வாசலில் வந்து நின்றார். "என்னைப் பத்திப் பேசுறதா இருந்தா என் முன்னால பேசுங்க. தம்பி, அந்த இடத்துக்குப் போன் போட்டு, வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு." தம்பி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தான்.

அன்று முதல் ஆறு வாரம் நான் அந்த பிளாட்டிலேயே தங்கினேன். எல்லாம் நேராகப் போயிருந்தால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். இரண்டாவது வாரம் ஒரு காலை, அம்மா படுக்கையில் திரும்பியதும் பழைய சுற்றல் முழு மூச்சாக வந்தது. வாந்தியும் எடுத்தார். தம்பி போனில், "நான் சொன்னேனே" என்று அழுதான். மாத்திரை அட்டை அலமாரியில் இருந்தது. கூடுதலாக ஒன்றைக் கொடுத்தால் அம்மா அடங்கித் தூங்குவார், எல்லாருக்கும் நிம்மதி. என் கை அட்டையில் பட்டுவிட்டது. பொறுப்பு என்று வாயால் சொல்வது சுலபம், அந்த நிமிடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம்.

அட்டையை வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்க வேண்டியதை முதல்முறையாகக் கேட்டேன். "பேச்சு குழறுதா? ரெண்டா தெரியுதா? கையை இறுக்கிப் பிடிங்க." பேச்சு தெளிவாக இருந்தது. பிடியில் என் விரல் நொறுங்கியது. "எந்தப் பக்கம்மா?"

"வலது பக்கம். இருபத்திரண்டு செகண்ட். எழுதிக்க" என்றார் கண்ணை மூடியபடியே.

எழுதிக்கொண்டு நேரே அந்தப் பெண் டாக்டரிடம் போனோம். மறுபடி படுக்கவைத்தார், திருப்பினார், உட்காரவைத்தார். அதற்குப் பிறகு அந்த ஆறு வாரத்தில் சுற்றல் வரவில்லை. மாத்திரை குறையக் குறைய அம்மாவின் கால் தரையை விட்டு எழும்ப ஆரம்பித்தது. கடைசி வாரம் தம்பி வந்தபோது அம்மா கையில் பையோடு லிப்ட் வாசலில் நின்றிருந்தார், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போக. அவன் பையை வாங்கிக்கொண்டான், அம்மா பிடுங்கிக்கொண்டார்.

பிள்ளைகளே, துவா லா என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், எங்கே உடைந்திருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டால் வேலை போகாது. அம்மா பெரிய டாக்டரிடமே கேட்டார், என் வேலை போகவில்லை. உங்கள் சொந்த அம்மா அப்பாவையும் முன்வாசல் வழியாக அழைத்து வாருங்கள். நமக்குத் தெரிந்தவர்கள் நிறைய இருப்பதால் நம் வீட்டு நோயாளியை முழுதாக ஒருவரும் பார்ப்பதில்லை. இதைப் படித்துவிட்டுச் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நாளைக்கே ஒரு டாக்டரைக் காரிடாரில் நிறுத்துவீர்கள். அப்படி நிறுத்தும்போதாவது என் ஞாபகம் வந்து உங்களைக் குத்தட்டும்.

அம்மா இப்போதும் அதே ஆறாவது மாடியில்தான் இருக்கிறார். வருடத்தில் ஒரு தடவையாவது சுற்றல் எட்டிப் பார்க்கிறது, வந்ததும் தானே பஸ் ஏறிப் போய்விடுகிறார். போன மாதம் போகும்போது நானும் கூடப் போனேன். அன்று வெளிநோயாளிப் பிரிவில் நிற்க இடமில்லை. "உள்ள எனக்குத் தெரிஞ்ச பிள்ளைங்கதான் இருக்காங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"உன் சிபாரிசு வேணாம் பாப்பா" என்றார் அம்மா. "நீ சிபாரிசு பண்ண காலத்துலதான் நான் விழுந்தேன்."

சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கவுண்டரை நோக்கி நடந்தார்.